பாய்மரத்தடிக் காசு

குறிச்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அந்தப் பழைய பாய்மரப் படகு லாரியில் வந்து மனோஜ்குமாரின் பட்டறையில் இறங்கியது. உக்கடத்து ரைஹான் கொச்சியில் ஆசைப்பட்டு வாங்கியது. உளுத்த பாய்மரத்தைக் கழற்றிவிட்டு அலுமினியக் கம்பம் நிறுத்த வேண்டும். பம்ப்செட் செய்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று மனோஜ் துணிந்து ஒப்புக்கொண்டிருந்தான்.

கிரேன் மரத்தைத் தூக்கியதும் உப்பு நாற்றம் குப்பென்று அடித்தது. அடிக்குழியில் ஒரு செப்புக்காசு கிடந்தது. துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனான்.

மகள் நந்திதாவுக்குக் காய்ச்சல் விடவேயில்லை. ஊசி, மாத்திரை எதற்கும் கேட்கவில்லை. காசைப் பார்த்த அவன் மனைவி புவனா, சாமியே அனுப்பியது என்று நினைத்துவிட்டாள், பாவம். மஞ்சள் துணியில் வைத்து, மகள் பேரைச் சொல்லி, குலதெய்வத்துக்கு முடிந்து சாமி படத்தருகே வைத்தாள்.

சாயங்காலம் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்தது.

குளிர்ந்துகொண்டே போனது.

"அப்பா, ஊடு ஆடுது..."

மனோஜ் போர்வையை இழுத்து அவளுக்குப் போர்த்தினான். அந்த நேரம் பார்த்து ரைஹானின் போன் வந்தது.

"மரத்தடியில காசு இருக்குமுங்க. எடுத்துராதீங்க. உங்கள்ல செத்தவங்களுக்கு நெத்திக்காசு வைப்பாங்கல்ல, அந்த மாதிரி. கடல்ல சாகறவங்களுக்குன்னு அந்தக் காலத்துல வச்சதுங்க."

மனோஜ் போனைக் கீழே போட்டான்.

"புவனா, அந்தக் காசை அவிழ்த்துரு!"

"ஏனுங்க? புள்ள பேருக்குத்தானுங்க முடிஞ்சுபோட்டேன்..."

முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது. கத்தரியால் வெட்டினார்கள்.

உள்ளே ஈர உப்புதான் இருந்தது. காசு இல்லை.

திரும்பினார்கள்.

மல்லாந்து கிடந்த குழந்தையின் நெற்றியில், நட்ட நடுவில், இருந்தது.

மனோஜ் காசைப் பிய்த்தெடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினான். அதைக் குழிக்குள் போட்டு, கிரேனை அவனே இயக்கிப் புதுக் கம்பத்தை அதன்மேல் இறக்கினான். போல்ட்டுகளை முறுக்கினான். காற்றே இல்லை. கயிறு இன்னும் கட்டாத கம்பத்தில், உயரத்தில், ஏதோ கயிறு மோதிக்கொண்டிருந்தது.

டக்... டக்...

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நந்திதா எழுந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு கதகதப்பாக இருந்தது. பசிக்கிறது என்றாள். அவனுக்கு உயிரே திரும்பி வந்தது போலிருந்தது. "கண்ணு!" என்று வாரி அணைத்தான். புவனா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. துண்டால் மகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

காசளவு வட்டமாக ஈரம். துடைத்தால் போனது. அடுத்த மூச்சுக்குள் மறுபடியும் ஊறியது. மனோஜ் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்புக் கரித்தது.

"தொடைக்காதீங்கம்மா," என்றாள் நந்திதா, பெரியவளைப் போல. "படகுல இருக்கறவரு மறுபடியும் காசு வெப்பாரு."