பதினான்காம் எண்ணின் களிம்பு

மங்கதாயாரு அழுதுகொண்டே உள்ளே நுழைந்தபோது பேரிந்தேவி பெசரட்டு தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். காக்கிநாடாவில் யார் வீட்டில் சிக்கல் என்றாலும் இங்கேதான் வருவார்கள். அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் அந்த அம்மாளுக்கு ஓய்வு மட்டும் வாய்க்கவில்லை, பாவம்.

“திங்கட்கிழமை என்னை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க அக்கா! பதினாறு வருஷமா நர்ஸா இருக்கேன். நான் எதையும் மாத்தலை.”

“உட்காரு. தண்ணி குடி. அப்புறம் சொல்லு.”

அவளுடைய தோல் மருத்துவமனையில் வெண்புள்ளிக்குப் புதுக் களிம்பு ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. ட்யூப்கள் எல்லாம் ஒரே மாதிரி, மேலே எண் மட்டும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நர்ஸுக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்துச் சரிபார்க்க வந்தவர்கள் பட்டியலைப் பிரித்தார்கள். வெறும் களிம்பு பெற்ற பதினான்காம் எண்காரிக்கு நிறம் திரும்பிக்கொண்டிருந்தது! ட்யூப்களைக் காத்தவள் மங்கதாயாரு. பழி வேறு யார் மேல் விழும்?

பேரிந்தேவியின் கொழுந்தன் சத்திபாபுவுக்கு, மருத்துவமனைக்குப் போக ஸ்கூட்டரை எடுப்பதற்குள் பொறுக்கவில்லை. “வதினா, வேற ட்யூபோட மாத்திக் குடுத்திருக்காங்க. அவ்வளவுதான் விஷயம்!”

“உனக்குச் சட்னி வைக்கிறதுக்குள்ள தீர்ப்பே வந்துடும், பாபூ,” என்றார் பேரிந்தேவி.

மருத்துவமனையில் அவர் மூன்றே மூன்றைக் கேட்டார்: நோயாளிகள் திருப்பித் தந்த காலி ட்யூப்கள், தினக்குறிப்பு நோட்டுகள், அளவெடுத்த தாள்கள். மற்றவர்களுடைய ட்யூப்கள் வாலிலிருந்து சுருட்டப்பட்டிருந்தன. பதினான்கும் பதினைந்தும் மட்டும் வாலில் வெட்டப்பட்டு, உள்ளே துடைத்து எடுக்கப்பட்டிருந்தன.

“பாத்தீங்களா! வாலை வெட்டி வேற மருந்தை ரொப்பியிருக்காங்க,” என்று துள்ளினான் சத்திபாபு.

“ரொப்பினா திரும்ப ஒட்டணும். இது ஒட்டவே இல்லை. வெட்டின விளிம்பைப் பாரு.”

விளிம்பு பல்பல்லாக இருந்தது, ரெண்டு எண்களிலும். பேரிந்தேவி நோட்டுகளைப் புரட்டினார். பதினான்காம் நோட்டில் ஒவ்வொரு நாளும் ‘தடவிக்கிட்டேன்’. இரண்டாம் மாதம் ஒன்பதாம் தேதி மட்டும் ‘தடவிக்கிட்டோம்’. தெலுங்கில் எழுதுகிறவள் தனக்கு மட்டும் தடவியிருந்தால் அந்தப் பன்மை விகுதியைப் போடவே மாட்டாள்.

பெரிய டாக்டரின் அறையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

“டாக்டர்காரு, ட்யூபை மாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பதினான்கு, மருந்து வாங்கின மத்தவங்க மாதிரி முழுசாத் தேறியிருப்பா, பட்டியல்ல மருந்துன்னு இருக்கிற பதினைந்துக்கு ஒண்ணுமே ஆகியிருக்காது. உங்க அளவுத்தாள் என்ன சொல்லுது? ரெண்டு பேருக்கும் அரைகுறைதான், அதுவும் ஒரே அளவு. ரெண்டு ட்யூபையும் ஒண்ணாக் கலந்து பாதிப்பாதியாத் தடவியிருக்காங்க. துணி வெட்டுற பல் கத்தரி ஒண்ணுதான் ரெண்டையும் வெட்டியிருக்கு. அப்போ வீடும் ஒண்ணு.”

“இல்லியே! குடும்பப் பேரும் வேற, ஊரும் வேற,” என்றார் டாக்டர்.

“மருமகளுக்கு ஆதார் அட்டையில இன்னும் பொறந்த வீட்டுப் பேரும் ஊருமே இருந்தா?”

மங்கதாயாரு எழுந்து ஓடி, பரிசோதனைக்கு வந்து வெளியே காத்திருந்த இருவரையும் கூட்டிவந்தாள். பதினான்கு நூகரத்னம், பதினைந்து சீதாமாலட்சுமி. அண்ணன் தம்பி மனைவிகள். மூத்தவள் சீதாமாலட்சுமி தையல்காரி.

“உங்கள்ல யாருக்கு என்ன மருந்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா நீங்க கலந்ததுக்கு இவ வேலை போகப் போகுது,” என்றார் பேரிந்தேவி.

“ஐயோ!” சீதாமாலட்சுமி மங்கதாயாருவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கையில புள்ளின்னு இவளை ஏழு வீட்டுல வேண்டாம்னாங்க. எனக்கும் அதே புள்ளி. அதான் என் கொழுந்தனுக்கு நானே இவளைப் பேசி முடிச்சேன். நான் மட்டும் குணமாகி இவ முன்னாடி கை நிறைய வளையல் போட்டுக்கிட்டுத் திரியவா? முதல் நாளே ஒரு ஜாடியில போட்டுக் கலந்துட்டேன்.”

“என் வயித்துல அடிச்சீங்களே ரெண்டு பேரும்!” என்றாள் மங்கதாயாரு. ஆனால் பிடித்த கையை அவள் உதறவில்லை.

டாக்டர் பெருமூச்சு விட்டார். “நீங்க கலந்ததை எழுதிக் குடுத்தா சிஸ்டர் மேல பழி இல்லை. ஆனா நீங்க ரெண்டு பேரும் சோதனையிலேர்ந்து விலகணும். இந்தக் களிம்பு இனி கிடைக்காது.”

நூகரத்னம் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் அப்போதுதான் கடுகு கடுகாக நிறம் வந்திருந்தது. பேனாவை முதலில் எடுத்தவள் அவள்தான். மூத்தவளும் கையெழுத்துப் போட்டாள்.

எழுந்திருக்கும்போது நூகரத்னம் தயங்கினாள். “டாக்டர்காரு, நிஜ மருந்து எங்க ரெண்டு பேர்ல யாருக்கு?”

சீதாமாலட்சுமி அவள் வாயைப் பொத்தினாள். “சொல்லிடாதீங்க! தெரிஞ்சா நாளையிலேர்ந்து ஒருத்தி குடுத்தவ, ஒருத்தி வாங்கினவ. ஒரே அடுப்படியில எங்களுக்கு அது வேண்டாம்.”

டாக்டர் பட்டியலை மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினார்.