சுமலதாவின் பதின்மூன்று உறைகள்

பாப்பிரெட்டிப்பட்டியில் நிர்மலாதேவி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகும் தீர்த்தன் உள்ளே வரத் தயங்கினார். அவரைச் சித்தேரியிலிருந்து அழைத்து வந்த குருவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. அவர் மகளைப் பொய்க்காரி ஆக்கிய ஆய்வுப் படங்களை எடுத்தவனே அவன்தான்.

"எம் பொண்ணு சுமலதா போயி மூணு மாசம் ஆச்சுங்க அம்மா," என்றார் தீர்த்தன். "மலை ரோட்ல மழையில வண்டி சறுக்கிடுச்சு. இப்ப, அவ ஏமாத்திட்டாள்னு காலேஜ்ல எழுதறாங்களாம். அவ பொய் சொன்னாளா இல்லியான்னு பாத்துச் சொல்லுங்க. சொல்லியிருந்தா அதையும் சொல்லிடுங்க."

நிர்மலாதேவி விதைச் சோதனை அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கலப்பட விதை விற்றவர்கள் அவர் பெயரைக் கேட்டால் இன்றும் கடையைச் சாத்துவார்கள். தீர்த்தன் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, "நீ சொல்லு குரு," என்றார்.

தர்மபுரியில் குரு வேலை பார்க்கும் கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் சுமலதா ஆய்வு செய்தாள். சித்தேரி மலையில் எத்தனை வகைச் சாமை மிச்சமிருக்கிறது என்பதே அவள் கேள்வி. தை மாதத்தில் நாற்பது வீடு ஏறி இறங்கி, வீட்டுக்கொரு பிடி விதையை உறையில் போட்டு வந்தாள். முதல் உறை அவள் வீட்டு விதை. சாமைக்கென்று மரபணுக் குறிகள் அதிகம் கிடையாது. அதனால் தினைக்குக் கண்டுபிடித்த குறிகளைச் சாமையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பங்காளிப் பயிர்கள், ஒன்றுக்கு உதவுவது பெரும்பாலும் மற்றதற்கும் உதவும். குரு எடுக்கும் மரபணுப் படத்தில் வகைக்கு வகை கோடுகோடான பட்டைகள் வேறு வேறாக விழும்.

அவள் இறந்த பிறகுதான் முடிவு வந்தது. பதின்மூன்று உறைகளின் பட்டைகள் அச்சு அசலாக ஒன்று. மலையேறச் சோம்பல்பட்டு ஒரே மூட்டையில் அள்ளிப் பதின்மூன்று உறையிலும் போட்டுவிட்டாள் என்று பேராசிரியர் அருண்குமார் குறிப்பு எழுதிவிட்டார். பதில் சொல்ல வேண்டியவள் மண்ணுக்குள் இருந்தாள்.

"தினைக் குறி சாமையில சரியா பிடிக்கலையோ என்னவோ மேடம்?" குரு ஆசையோடு கேட்டான்.

"மத்த இருபத்தேழையும் அதே குறிதானே பிரிச்சுக் காட்டுச்சு? குறி மேல பழி போடாதே." அவர் தீர்த்தன் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டு விதை கொஞ்சம் கொண்டாந்து தர முடியுமா? ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"இல்லீங்க அம்மா. காரியம் முடிஞ்சதும் விதைக்கு வெச்சிருந்ததையும் குத்திச் சோறாக்கிட்டோம்."

ஆனி பிறந்து விதைப்பு தொடங்கிவிட்ட நேரம். பாவம், சாப்பாட்டுக்கே கஷ்டம் போல என்று குரு நினைத்துக்கொண்டான். நிர்மலாதேவி மட்டும் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பதின்மூன்று உறைகளையும் வெள்ளைத்தாள்களில் கொட்டி, லென்ஸை எடுத்தார்.

"விதையைப் பாக்காதே குரு, குப்பையைப் பாரு."

ஒன்றில் சாம்பல் ஒட்டியிருந்தது. ஒன்றில் நொச்சி இலைத் துணுக்கு, இன்னொன்றில் வேப்பிலைத் தூள், அடுத்ததில் செம்மண். பூச்சி விழாமல் இருக்க வீட்டுக்கு வீடு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே மூட்டையில் அள்ளியிருந்தால் குப்பையும் ஒன்றாக அல்லவா இருக்கும்! அவள் பதின்மூன்று வீட்டுக்கும் போயிருக்கிறாள்.

பிறகு சுமலதாவின் நோட்டைப் புரட்டினார்கள். 'இந்த விதை எப்போதிலிருந்து?' என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு எழுதியிருந்தாள். அந்தப் பதின்மூன்றில் பன்னிரண்டு வீடுகளுக்கு 2021. செல்லம்மாள் வீட்டுக்கு மட்டும் 'பாட்டன் காலம்'.

"அந்த வருஷம் அரசாங்கம் விதை குடுத்திருக்கும் மேடம்!"

"அரசாங்க விதை செல்லம்மாள் வீட்டுக்குப் பாட்டன் காலத்துலயே வந்துடுச்சா?" என்றார் அவர். "தீர்த்தனை வரச் சொல்லு. உங்க பேராசிரியரும் இருக்கட்டும்."

மாலையில் நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நிர்மலாதேவி குப்பையையும் நோட்டையும் காட்டிவிட்டு, பன்னிரண்டு பெயர்களையும் தீர்த்தனிடம் படித்தார்.

"2021-ல இந்த வூடுங்கள்ல என்ன நடந்துச்சுங்க?"

தீர்த்தன் தலை குனிந்தார். "அது நோய் வந்த வருசங்க. எல்லா வூட்லயும் சாவு. ஒரு வூட்ல ரெண்டு."

"சாவு விழுந்த வீட்டு விதையை என்ன செய்வீங்க?"

"அதை விதைக்க மாட்டோம். சோறாக்கிட்டு, சாவு விழாத வூட்ல வாங்கி விதைப்போம். அந்த வருசம் அவங்க தெருவுல சாவு விழாதது செல்லம்மா வூடு ஒண்ணுதான்."

தான் எடுத்த படத்தை குரு பார்த்தான். அச்சு அசலான அந்தப் பட்டைகளில் பன்னிரண்டு வீட்டுச் சாவு வரிசையாக நின்றது.

"அப்ப அந்தப் பொண்ணு இதை ஏன் நோட்ல எழுதல?" அருண்குமாரின் குரல் இறங்கியிருந்தது.

"எதுக்குங்க எழுதறது?" என்றார் தீர்த்தன், நிஜமாகவே புரியாமல். "சாவு விழுந்தா விதை மாத்தணும்னு யாருக்குத்தான் தெரியாது?"

பேராசிரியர் பேனாவை எடுத்துத் தன் குறிப்பை அடித்தார். "மன்னிச்சிடுங்க," என்றார். தீர்த்தன் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை.

குருவுக்குத் திடீரென்று உறைத்தது. அலமாரிக்கு ஓடி முதல் உறையை எடுத்து வந்தான்.

"உங்க வூட்டு விதைங்க இது. இந்தப் பட்டை நாப்பதுல வேற எதோடவும் சேரல. வேற யாருகிட்டயும் இது இல்லீங்க."

"எங்ககிட்ட இருந்துச்சு தம்பி. சோறாக்கிட்டோமே."

"இது தை மாசம் எடுத்ததுங்க. அவங்க உசுரோட இருக்கும்போது, அவங்களே எடுத்தது."

தீர்த்தன் உறையையே பார்த்தார்.

"சாவுக்கு முந்தி வூட்ட விட்டுப் போன விதைக்குத் தீட்டு இல்ல," என்றார் மெதுவாக.

பேராசிரியர் தலையசைத்ததும், ஆய்வுக்கு ஒரு சிட்டிகை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதியைத் தீர்த்தனின் துண்டில் கொட்டினான் குரு. ஒரு பிடி கூட இல்லை. தீர்த்தன் அதை முடிந்துகொண்டு மறுபடியும் கையை நீட்டினார்.

"அந்த உறையையும் குடு தம்பி. அதுல அவ எழுத்து இருக்குது."