நாலு தடவை அழும் அறை

காலை 6.50.

மாடி அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மூன்று முறை கூப்பிட்டும் புத்தக பைண்டர் எழவில்லை. அவர் மனைவியின் தம்பி, ஹீட்டர் மெக்கானிக், தோளால் இடித்துக் கதவைத் திறந்தான். அதே வீட்டில் கீழறையில் தங்கியிருப்பவன் அவன்.

பைண்டர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கன்னத்துக்கடியில் கை. உதட்டில் அதுவரை இல்லாத ஒரு சிவப்பு. நல்ல கனவின் நடுவில் இருப்பவர் போலத்தான் தெரிந்தார். தொட்டால் சில்லிட்டது.

7.40.

இன்ஸ்பெக்டர் வந்தாள். ஸ்டேஷனில் அவளுக்குத் 'திருப்புளி' என்று பெயர். கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். எந்தப் பொருளையும் கழற்றிப் பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது அவளுக்கும் தெரியும்.

கூடத்தில் இறந்தவரின் அக்கா, மனைவிக்கு நாத்தனார், முந்திக்கொண்டாள்.

"இவதான் மேடம். ராத்திரி பாலைக் கொடுத்துட்டு, இவ மட்டும் கீழ வந்து படுத்துக்கிட்டா. புருஷன் கூடப் படுக்க என்ன பயம்? செய்யப் போறது தெரிஞ்சவளுக்குத்தான் பயம் வரும்."

மனைவி தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பத்து நாளா கீழதான் படுக்கறேன்."

"ஏன்?"

"அந்த ரூம்ல ஒருத்தி இருக்கா."

மெக்கானிக் தொண்டையைச் செருமினான். "அக்காவுக்கு மனசு சரியில்ல மேடம்."

"நீ இரு. எப்போலேருந்தும்மா?"

"ரெண்டு மாசமா. குளிர் ஆரம்பிச்சதிலேருந்து. விடியக்காலம் முழிப்பு வரும். தலை வெடிக்கும். ஹீட்டர் மூலையில ஒரு பொம்பள நிப்பா. எப்பவும் அந்த மூலைதான். கீழ வந்து கொல்லைக் கதவைத் திறந்து நின்னா எல்லாம் சரியாயிடும். திரும்ப மேல போனா அவ அங்கேயே நிப்பா."

"வேற?"

"சுவர் அழும். தலைமாட்டுல வெள்ளையா வட்டமா ஒண்ணு இருக்குல்ல, அந்த அலாரம். நாலு தடவை அழும். நிறுத்தும். மறுபடி நாலு. தீ இல்ல, புகை இல்ல, அது பாட்டுக்கு அழும். தம்பிதான் ரெண்டு வாரம் முன்னாடி அதைத் துடைச்சு மாட்டினான். அப்புறம் அழல. ஆனா அவ போகல."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?"

"சிரிப்பார். 'வாடகை கேட்டுப் பாரு'ன்னார்."

8.15.

இன்ஸ்பெக்டர் மாடி ஏறினாள். ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மூச்சு விட்டால் புகையாக வரும் மலையூர்க் குளிர்.

"யார் திறந்தது?"

"நான்தான்," என்றான் மெக்கானிக். "உள்ள வந்ததும் மூச்சு முட்டுச்சு."

"மாமாவைத் தொட்டுப் பார்த்தது ஜன்னலைத் திறக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவன் யோசித்தான். "அப்புறம்."

"ஹீட்டர்?"

"ஆஃப்லதான் இருந்துச்சு."

கட்டிலில் மெல்லிய போர்வை ஒன்றுதான். கம்பளி அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. மூலையில் கேஸ் ஹீட்டர். அதன் புகைக்குழாய் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு மேல், யாரும் நிமிர்ந்து படிக்க முடியாத உயரத்தில், ஒரு நாள்காட்டி. அதை விரலால் நகர்த்தினாள். பின்னால் சுவரில் கரி.

தலைமாட்டில் அலாரம். படுத்தவரின் மூக்கு மட்டத்தில் சரியாக மாட்டியிருந்தது. நடுவிலிருந்த பொத்தானை அழுத்தினாள். கூவியது.

"பாருங்க, நல்லா வேலை செய்யுது," என்றான் மெக்கானிக்.

இன்ஸ்பெக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரித்தாள். முகர்ந்து பார்த்தாள்.

8.40.

சமையலறை. உத்தரத்தில் அதேபோல் இன்னொரு வட்டம். ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டாள்.

"இது எவ்வளவு நாளா இங்க இருக்கு?"

"ரெண்டையும் ஒரே நாள்ல வாங்கினான் என் தம்பி," என்றாள் நாத்தனார். "நாலு வருஷமாச்சு."

உத்தரம் பழுப்பேறிப் போயிருந்தது. அலாரம் நேற்று வாங்கியதுபோல் வெளுத்திருந்தது.

11.20.

ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். "பாலை விடுங்க மேடம். ரத்தம் பூரா கார்பன் மோனாக்சைடு, கேஸ் சரியா எரியாம வர்ற விஷக்காத்து. உதட்டுச் சிவப்பும் அதனாலதான்."

இன்ஸ்பெக்டர் அதைக் கூடத்தில் சொன்னபோது நாத்தனார் ஒரு நொடிதான் திகைத்தாள்.

"அப்போ அலாரம் ஏன் அடிக்கல? 'அதைக் கழட்டி எறியுங்க'ன்னு வீடே கிடுகிடுக்கக் கத்தினவ யாரு? கேளுங்க இவளை!"

"கத்தினேன் அண்ணி," என்றாள் மனைவி. "கத்தினது நான்தான்." அவள் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிய விதத்தில், விலங்கு மாட்டினால்கூட மறுக்கமாட்டாள் என்று தோன்றியது.

12.05.

இன்ஸ்பெக்டர் இரண்டு அலாரங்களையும் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். ஒரே கம்பெனி, ஒரே அச்சு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"மாடியில இருந்தது இது. தொட்டுப் பாருங்க."

நாத்தனார் தொட்டாள். "பிசுக்கு."

"எண்ணெய்ப் பிசுக்கு. படுக்கையறையில யாரும்மா சமைக்கிறாங்க?"

ஹேர் டிரையரைப் போட்டு அதன்மேல் சூடான காற்றைப் பிடித்தாள். அரை நிமிடத்தில் மூன்று மூன்றாகக் கத்தியது.

"இது வெப்ப அலாரம். சூட்டைத் தவிர எதுவும் இதுக்குத் தெரியாது. சமையலறையில தினம் புகை வரும், அதனால அங்க புகை அலாரம் வெச்சா ஓயாம கத்தும், அதுக்குத்தான் இது. இதோட இடமும் உத்தரம்தான், சூடு மேலதானே போகும்? தலைமாட்டுல மாட்டினா தீப்பிடிச்சாக்கூடத் தாமதமாத்தான் கத்தும். விஷக்காத்துல இதை முக்கி எடுத்தாலும் வாயே திறக்காது."

இன்னொன்றைத் திருப்பினாள். முதுகில் சிறிய எழுத்து.

"இது கார்பன் மோனாக்சைடு அலாரம். அந்தக் காத்துக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல. மேலயும் போகாது, கீழயும் தங்காது. அறைக் காத்தோட கலந்துடும். அதனால தூங்கறவங்க மூச்சு விடற மட்டத்துல வைக்கணும். நாலு வருஷமா அங்கதான் இருந்துச்சு. குளிர் ஆரம்பிச்சதிலேருந்து நாலு நாலா கத்திச்சு. அது கெட்டுப் போகல. சொன்னது அத்தனையும் உண்மை."

"பட்டனை அழுத்தினா ரெண்டும் கூவுமே?" என்றாள் நாத்தனார்.

"கூவும். பட்டன் பேட்டரியையும் தொண்டையையும்தான் சோதிக்கும். மூக்கு எதுக்குன்னு அது சொல்லாது."

இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"சத்தம் பிடிக்காதவங்க என்ன செய்வாங்க? பேட்டரியை உருவுவாங்க. இல்ல குப்பையில போடுவாங்க. நீங்களா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பீங்க. ஆனா இங்க ரெண்டும் இடம் மாறியிருக்கு. அழுத்தினா கூவணும், ஆனா கத்தவே கூடாது. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒருத்தர்தான் அப்படி மாத்த முடியும்."

மெக்கானிக் எழுந்தான். கான்ஸ்டபிள் வாசலில் நகர்ந்து நின்றார்.

"ஹீட்டர் ஆஃப்ல இருந்துச்சுன்னே. இந்தக் குளிர்ல கம்பளி இல்லாம யாருப்பா தூங்குவா? ஓடிக்கிட்டு இருந்ததை நீதான் அணைச்சே. மாமாவைத் தொடறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறந்தே. அறையில என்ன இருக்குன்னு கதவை உடைக்கும்போதே உனக்குத் தெரியும்."

"நான் ஒண்ணும்..."

"வா, மேல போவோம்."

12.30.

ஜன்னலைச் சாத்தி, சமையலறையிலிருந்து கழற்றிய கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தலைமாட்டில் மாட்டி, ஹீட்டரைப் பற்ற வைத்தாள். சுடர் நீலமாக இல்லை; சோம்பலாக மஞ்சளாக ஆடியது. கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் நடையில் நின்றார்கள்.

ஐந்து நிமிடம். எட்டு. நாத்தனார் ஏதோ முணுமுணுத்து நிறுத்தினாள். மெக்கானிக்கின் நெற்றி அந்தக் குளிரிலும் வேர்த்தது.

பதினோராவது நிமிடம் உள்ளே அது அழுதது. நாலு. நிறுத்தம். நாலு.

மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்தான்.

"அணைங்க மேடம்! குழாய் உள்ள வாய் விட்டிருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி நான் மாட்டும்போதே சரியா உட்காரல. டேப் சுத்திப் பார்த்தேன், நிக்கல. சரி பண்ணணும்னா சுவத்தை உடைக்கணும். 'தப்பாப் போட்டுட்டேன்'னு மாமாகிட்ட சொல்லணும். அவர் நாலு பேர் முன்னாடி வெச்சுச் சிரிப்பார்... அடுத்த வாரம் அவர் வெளியூர் போறப்ப சத்தமில்லாமப் பண்ணிடலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் அது கத்தக் கூடாதுன்னுதான் ரெண்டையும் இடம் மாத்தினேன். இன்னும் அஞ்சே நாள்க்கா."

அவன் அக்கா அவனைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் ஹீட்டரை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். காற்று மாற மாற அழுகை நின்றது. கான்ஸ்டபிள் மெக்கானிக்கைக் கைத்தாங்கலாகப் படி இறக்கினார்.

நாத்தனார் மெல்ல வந்து தம்பி மனைவியின் கையைப் பிடித்தாள். "எவ்வளவு அழுதிருக்கு பாரு. நாம பேய்னு நினைச்சோம்."

"அது அழல அண்ணி," என்றாள் அவள். "எழுப்பியிருக்கு."

பிறகு இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். "அப்போ அந்தப் பொம்பள?"

"ரத்தத்துல அந்தக் காத்து ஏறினா மூளைக்கு மூச்சு போதாதும்மா. இல்லாத ஆளைக் காட்டும். தலைவலியும் அதனாலதான்."

"சரி. ஆனா எங்க வேணும்னாலும் காட்டியிருக்கலாமே மேடம். குழாய் விட்டுப் போன மூலையில மட்டும் ஏன் நின்னா?"

இன்ஸ்பெக்டர் திருப்புளியைக் கைப்பையில் போட்டாள். அந்தக் கேள்வியைக் கழற்றிப் பார்க்க அவளிடம் கருவி இல்லை.