இடது பக்கத்து இருமல்

அப்பா இறந்துபோய் இரண்டு மாதம் கழித்துக் குட்டி அவர் வீட்டுப் பூட்டைத் திறந்தாள். ஒரு கையில் டேப் ஓட்டும் இயந்திரம், தோளில் கணினிப் பை. நாற்பத்தாறு வயதாகி, தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. இருந்தாலும் உறவுக்குள் அவள் இன்னும் குட்டிதான்.

அப்பா மேல்நாட்டு இசைக்குழு நடத்துநர். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா கண்டக்டர்" என்று பெருமையடித்து, "எந்த பஸ்ஸுல?" என்று கேலி வாங்கியவள் அவள். அவர் விட்டுப்போனது முப்பத்தொரு டேப். அவற்றை இசைத்தட்டாகப் போட ஒரு கம்பெனி முன்வந்திருந்தது. பழைய ஒலிப்பதிவிலிருந்து சரசரப்பு, நாற்காலிக் கிறீச்சல், தும்மல், இருமல் எல்லாவற்றையும் துடைத்து எடுப்பதுதான் குட்டியின் பிழைப்பு. அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்பா பாட்டுக் கேட்கும் அறை மாடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் தடித்த துணி. நட்டநடுப் பகலிலும் விளக்குப் போட வேண்டும். கதவைச் சாத்தினால் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்கும்.

ஒலிபெருக்கிகளுக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். வலது பக்கம் இருந்தது அப்பாவுடையது, இடது பக்கம் அம்மாவுடையது. குட்டிக்கு மூன்று வயதாகும்போதே அம்மா செத்துப்போய்விட்டாள். ஏழு வயதில் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததற்காக விழுந்த அறைதான் அப்பா அவளை அடித்த ஒரே அடி. இன்றைக்கும் அவள் அதில் பையைக்கூட வைக்கவில்லை.

அறையில் லேசாகத் தொண்டை மிட்டாய் வாசனை அடித்தது. அப்பா மிட்டாய் தின்கிற ஆளே இல்லை. பழைய டேப்பின் நெடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள்.

அப்பாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அவருடைய மௌனத்தைத்தான் பேசுவார்கள். எந்தக் கச்சேரியானாலும் இரண்டாவது பாகம் மெதுவான பாகம். அதைத் தொடங்குமுன் தாளம் காட்டும் கோலைத் தூக்கியபடி பதினோரு விநாடி அசையாமல் நிற்பார். அந்த மௌனத்தில் தத்துவம் இருக்கிறது, தவம் இருக்கிறது என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார்கள்.

அந்த மௌனத்தில் இருந்தது ஓர் இருமல்.

இடது பக்கத்திலிருந்து, ஒரு பெண். இரண்டு தடவை. முதல் இருமலை அடக்கப் பார்க்கிறாள். இரண்டாவது அடங்காமல் வந்துவிடுகிறது.

"யாரு இது, இம்சை! வீட்டுலயே இருந்து தொலைச்சா என்ன?" என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே குட்டி அதைத் துடைத்தாள். அடுத்த டேப்பிலும் அதே இருமல். அதற்கடுத்ததிலும். மூன்று பகலில் முப்பத்தொன்றையும் துடைத்து முடித்தாள்.

நான்காம் நாள் காலையில் அத்தை போன் செய்தாள். அப்பாவின் தங்கை.

"வேலை எந்த மட்டுல இருக்குடி?"

"முடிஞ்சுது அத்தை. யாரோ ஒரு பொம்பளை, ஒரு கச்சேரி விடாம வந்து இருமியிருக்கா. அவ ஒருத்திக்கே பாதி நேரம் போயிடுச்சு."



"ரெண்டு தடவையா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"உங்கம்மாடி அது. நெஞ்சு நோவு. வீட்டுல கிடன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாலும் கேக்காம, முன்வரிசையில இடது ஓரமா போய் உக்காந்துக்குவா. அவ இருமி முடிக்கிற வரைக்கும் உங்கப்பன் தூக்கின கையை இறக்க மாட்டான். ஊரு அதை மௌனம்னு கொண்டாடுச்சு."

குட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் குரல் எதிலும் பதிவாகவில்லை என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். பத்து வயதில் ஒருநாள், "அம்மா சத்தம் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லாமல் ஒரு டேப்பை ஓடவிட்டு, "கேளு" என்றார். பேச்சை மாற்றுகிறார் என்று கோபித்துக்கொண்டு, முதல் பாகம் முடிவதற்குள் அவள் எழுந்து ஓடிவிட்டாள்.

அவர் பேச்சை மாற்றவில்லை.

டேப் பெட்டிகளின் மேல் எழுதியிருந்த தேதிகளை அப்போதுதான் பார்த்தாள்.

"அத்தை, பாதி டேப் அம்மா போனதுக்கு அப்புறம் எடுத்தது. சிலது கேக்க ஆளே இல்லாத ஸ்டுடியோவுல எடுத்தது. எல்லாத்துலயும் இருக்கு."

அத்தை போனை வைத்துவிட்டாள்.

துடைப்பதற்கு முன் எடுத்துவைத்த நகலைக் கணினியில் திறந்தாள். இருமல் இல்லை. அசல் டேப்பையே மாட்டி ஓடவிட்டாள். முதல் பாகம் முடிந்தது. மௌனம்.

அதிலும் இல்லை.

பதினோரு விநாடி ஆயிற்று. இரண்டாம் பாகம் தொடங்கவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, சுருளில் டேப் குறையவில்லை. குழுவின் எண்பது பேரும் வாத்தியங்களைத் தூக்கியபடி மூச்சைப் பிடித்திருப்பது கேட்டது. அப்பாவின் சட்டைக் கை மெல்ல உரசுவது கேட்டது.

அவர் காத்துக்கொண்டிருந்தார்.

குட்டிக்கு வேறு வழி தெரியவில்லை. முப்பத்தொரு முறை கேட்ட இருமல், அச்சுப் பிசகாமல் மனதில் இருந்தது. அடக்கப் பார்த்து ஒன்று. அடங்காமல் ஒன்று. இருமினாள்.

வயலின்கள் ஒலித்தன. ஒரே ஒரு சுரம்.

டக், டக்.

கோல் தட்டியது. எல்லாம் நின்றது. எண்பது பேரில் ஒரு தந்தி பிசகினாலும் கண்டுபிடிக்கிற காது அது.

"அது நீ, குட்டி."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மறுபடியும் மௌனம். குட்டி முழங்காலில் முகம் புதைத்து, "தெரியாம பண்ணிட்டேன்ப்பா" என்று விசும்பி விசும்பி அழுதாள்.

மதியம் கம்பெனிக்காரர் டேப்புகளை வாங்கிப் போக வந்தார். மாடி அறைக் கதவைத் திறந்தவர் வாசற்படியிலேயே தயங்கி, இடது பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மன்னிக்கணும். ஆள் இருக்காங்கன்னு தெரியாம வந்துட்டேன்."

குட்டி திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

அவர் கிட்டே வந்து அவள் காதோடு சொன்னார். "அவங்களுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம். பாவம், கைக்குட்டையை வாயில அழுத்திக்கிட்டு இருமலை அடக்கிட்டு உக்காந்திருக்காங்க. கண்ணெல்லாம் தண்ணியா வழியுது."

இம்சை என்று அவள் வாய்விட்டுச் சொன்னது இந்த அறையில்தான். முப்பத்தொரு முறை துடைத்ததும் இங்கேதான். பெற்ற மகளுக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று அம்மா அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

குட்டி தவழ்ந்து போய் அந்த நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். மெத்தையின் மேல் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"இருமிடும்மா. அப்பா காத்துக்கிட்டிருக்காரு. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நல்லா இருமும்மா."

தொண்டை மிட்டாய் வாசனை முகத்தில் அடித்தது.

இன்னும் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் ஒலியளவு காட்டும் இடது பக்க முள் துடித்தது. அடக்கப் பார்த்து ஒரு தடவை. அடங்காமல் ஒரு தடவை.

மெதுவான பாகம் தொடங்கியது.

அவள் கைக்குக் கீழே, யாரோ பின்னால் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொள்வதுபோல, மெத்தை மெல்ல அழுந்தியது.