வராத வாசனை

அன்று அந்த வாசனை வரவில்லை.

வினோலியா கண்களை மூடிக் காத்திருந்தாள். முதுகுக்குக் கீழே மேஜை சில்லென்றிருந்தது. முகத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் வலை, நெற்றியிலும் தாடையிலும் தோளிலும் அவளை மேஜையோடு இறுக்கிப் பிடித்திருந்தது. வெந்நீரில் இளக்கி, அவள் முகத்தின் மேலேயே அழுத்தி வார்த்த வலை அது. அதை மாட்டிக் கிளிப் போட்டுவிட்டால் தலை ஒரு நூல்கூட அசையாது, வாயைத் திறக்கவும் முடியாது. பெரிய இயந்திரத்தின் தலை அவளைச் சுற்றி வந்து நிற்கும். பிறகு நீண்ட ரீங்காரம் ஒன்று கேட்கும். அதோடு சேர்ந்து அந்த வாசனை எழும். பக்கத்தில் இடி விழுந்த காற்றைப் போல, பிளீச்சிங் பவுடரைப் போல. மூக்குக்குப் பின்னால் இருக்கும் கட்டியைக் கதிர் சுடுகிறது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

இன்று இயந்திரம் சுற்றியது, நின்றது. ஏ.சி. சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை.

கதவு திறந்தது. டெக்னீஷியன் செங்குட்டுவன் கிளிப்புகளைக் கழற்றினான். வழக்கமாக எதையாவது பேசிச் சிரிக்க வைப்பவன், இன்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதுங்க டீச்சர். நாளைக்கு வாங்க."

ஸ்கூட்டர் பண்ருட்டி சாலையிலிருந்து டவுன்ஷிப்புக்குள் திரும்பியதும் கணவன் அலெக்சாண்டரின் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னங்க, இன்னிக்கு மெஷின் ஓடலையோன்னு தோணுது."

"புதுசா ஏதோ மாத்தியிருக்காங்களாம். சத்தம் வராதாம்."

சத்தத்தைப் பற்றி அவள் இன்னும் சொல்லவே இல்லை.

அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். ஆனாலும் அவனை நம்பினாள். நம்புவதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு இதே நோய் வந்தபோது, கடைசிவரை வாயுக்கோளாறு என்றே சொல்லி வைத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான், நோயாளியைத் தவிர எல்லோருக்கும் நோய் தெரியும். அதனால் தனக்கு ரிசல்ட் வந்த அன்றே, மாதா கோயில் பீடத்துக்கு முன்னால் அலெக்சாண்டரின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். "நல்லதோ கெட்டதோ, மொதல்ல எங்கிட்ட சொல்லணும்." அவன் சத்தியம் செய்தான்.

குவார்ட்டர்ஸ் கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. உதறினாள். போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. முத்தாண்டிக்குப்பத்து சுப்புலட்சுமி உட்காரும் இடம். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்கள், முன்பல் தூக்கிய உதடு, நடந்தால் தரையில் தட்டும் மெட்டி, எப்போதும் ஒரு கேலி. வினோலியாவின் முறை வந்தால் குனிந்து அவள் கால் கட்டைவிரலைக் கிள்ளுவாள்.

"இன்னா டீச்சரு, உள்ள போயி தூங்கிடாத. அப்புறம் உன்னை எழுப்ப நான்தான் வரணும்."

சில நாட்களாக அவளைக் காணவில்லை. சரியாகி வீட்டுக்குப் போய்விட்டதாகச் செங்குட்டுவன் சொல்லியிருந்தான். ஆனால் உள்ளே, சுவரோரம் நோயாளிகளின் வலைகள் தொங்கும் இடத்தில், சுப்புலட்சுமியின் வலை இன்னும் தொங்கியது. அந்தத் தூக்கிய உதடு அப்படியே தெரிந்தது.

"இது இன்னும் இங்க இருக்கே?"

"எடுத்துக்கினு போக மறந்துட்டாங்க" என்றான். அவசரமாக வினோலியாவின் முகத்தில் வலையை வைத்து அழுத்தினான். டக். டக். "ஏதாச்சும் வேணும்னா கையைத் தூக்குங்க, கேமராவுல பார்த்துக்கினே இருப்பேன்."

கனத்த கதவு மூடிக்கொண்டது. கதிர் பாயும்போது இந்த அறையில் நோயாளியைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. இயந்திரம் சுற்றியது. நின்றது. வாசனை வரவில்லை.

மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. வெளியே மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள்.

"இன்னும் எத்தனை நாளைக்குத் தம்பி இப்படிப் படுக்க வைக்கலாம்?" அலெக்சாண்டரின் குரல்.

"நீங்க சொல்ற வரைக்கும் சார். இனிமே பிரயோஜனமில்லன்னு டாக்டர் நிறுத்திட்டாரு. நீங்க கெஞ்சினீங்களேன்னுதான் மெஷினைச் சும்மா சுத்துறேன்."

"தெரிஞ்சா உடைஞ்சிடுவா தம்பி. நம்பிக்கையோடயே போகட்டும்."

போகட்டும்.

அவள் தலைமேல் இருந்த கை. அதே கை.

"முத்தாண்டிக்குப்பத்து அம்மாவுக்கும் இப்படித்தான் சார். கடைசிவரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. இதே டேபிள்ல, மாஸ்க்குக்குள்ளயே போயிட்டாங்க. கழட்டினப்புறம்தான் நமக்கே தெரிஞ்சுது."

வினோலியா கத்தினாள். வலை தாடையை விடவில்லை. தொண்டைக்குள் ஒரு முனகல் எழுந்து அங்கேயே அடங்கியது. வலது கையைத் தூக்கினாள். உயரத் தூக்கி விரல்களை ஆட்டினாள். ஸ்பீக்கரில் அவர்கள் மேல்பட்டாம்பாக்கத்து நிலம் ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போது சுவரோரம் பிளாஸ்டிக் உரசும் சத்தம் கேட்டது.

கொக்கியிலிருந்து எதையோ எடுத்தது போல.

திரும்பிப் பார்க்க முடியாது. வலையின் ஓட்டைகளுக்கு நடுவே கூரை மட்டும் தெரிந்தது. தரையில் மெட்டி தட்டியது. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் மெட்டி. மேஜையைச் சுற்றி, தலைப்பக்கமிருந்து கால்பக்கம்.

நின்றது.

கட்டைவிரலை யாரோ கிள்ளினார்கள்.

சில்லென்ற விரல்கள்.

தூக்கிய கையை இன்னொரு கை பிடித்தது. பதமாக இறக்கி, மேஜையோடு அழுத்தி வைத்தது.

"கையைத் தூக்கினாளோ?" ஸ்பீக்கரில் அலெக்சாண்டர்.

"இல்லையே சார். பாருங்க, அசையாம படுத்திருக்காங்க."

"ஆமா. நிம்மதியா இருக்கா."

கூரை மறைந்தது. அவள் முகத்துக்கு நேர்மேலே ஒரு வலை இறங்கி வந்தது. தூக்கிய உதடு. உள்ளே முகம் இல்லை. ஓட்டைகள் மட்டும். அவற்றின் வழியே வெதுவெதுப்பாக மூச்சு வந்தது.

வலைமேல் வலை படிந்தது. மூக்கின்மேல் மூக்கு. உதட்டின்மேல் உதடு.

டக்.

டக்.

இப்போது அந்த வாசனை வந்தது.