ஐந்தரை மணிக்கு அறுபடும் இணைப்பு

மழையில் தொப்பலாக நனைந்து வந்தவனை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள் பிரிஸில்லா.

"மூணு நாளா ஃபோன் பண்றேன். பெசன்ட் நகர் எங்க இருக்குன்னு இன்னைக்குத்தான் உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சுதா?"

அவன் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். பை நனையவில்லை. அவன்தான் நனைந்திருந்தான்.

"இது என் ஏரியாவே இல்லை மேடம். வழக்கமா வர்றவர் லீவு. வெஸ்ட் மாம்பலத்துல ஒரு வீட்டுக்குக் கிளம்பினவனை இங்க திருப்பி விட்டுட்டாங்க... மிச்சத் திட்டை உள்ள வந்து வாங்கிக்கட்டுமா? பைக்குள்ள புது மோடம் இருக்கு. அது நனைஞ்சா அதுக்கும் தனியா திட்டுவீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாத நேரத்தில்... உதட்டைக் கடித்துக்கொண்டு வழிவிட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். இமைகளில் மழைத்துளி தங்கிய கண்கள். ஒரு நொடிதான்... இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அவன் பெயர் சாய்சரண். தி.நகரில் இருந்த இன்டர்நெட் கம்பெனியில் வேலை.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு, நவம்பர். டெலிபோன் லைனில் மோடத்தை மாட்டி, அது கீச்சிட்டு முனகி முடித்த பிறகுதான் இன்டர்நெட் வரும். பிரிஸில்லா வீட்டிலிருந்தே வேலை செய்தாள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு, டைப் அடித்து, மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். சரியாக ஐந்தரை மணிக்கு இணைப்பு அறுந்துவிடும். மறுபடி போட்டால் வரும். மறுபடி அறுபடும்...

சாய்சரண் வயரை மாற்றினான். சுவரில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியைத் திறந்து, பச்சை பூத்த கம்பி முனைகளைச் சுரண்டினான். மோடத்தையும் புதிதாக மாட்டினான். அப்புறம் கண்ணை மூடி, மோடம் போடும் சத்தத்தைப் பாட்டுக் கேட்பதைப் போலக் கேட்டான்.

"என்ன சொல்லுது?" என்றாள் கிண்டலாக.

"மேடம் ரொம்பக் கோபக்காரங்க, ஜாக்கிரதைன்னு."

கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா ஆம்ப்ரோஸ் சிரித்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவர் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது. அன்று ஆறு மணி வரை இணைப்பு அறுபடவே இல்லை.

மறுநாள் அறுந்தது. போன் செய்து அவனையே வரச் சொன்னாள்.

"இதே லைன்ல வேற ஃபோன் எதாவது இருக்கா மேடம்? அதை யாராவது எடுத்தாக்கூட கட் ஆகும்."

"வீட்ல ஒரே ஃபோன்தான். நானும் டாடியும் மட்டும்தான் இருக்கோம்."

அவன் சுவரோரம் ஓடிய வயரைத் தடவிக்கொண்டே அப்பாவின் அறைக்குள் போனான். அவள் காபி போடச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் முகம் என்னவோ போலிருந்தது. அவளை நேராகப் பார்க்கவில்லை.

"லைன்ல ஈரம் மேடம். சரியாயிடும்."

சரியாகத்தான் இருந்தது, நான்கு நாள். அந்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடாமலே வந்தான். "எப்படி ஓடுதுன்னு ஒரு செக்..." என்றான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு காபி குடித்துவிட்டு, மோடத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அவளுக்கு விளக்கிவிட்டுப் போனான். போன பிறகு வீடு காலியாகிவிட்டதைப் போல இருந்தது அவளுக்கு. சீ... என்ன இது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு இணைப்பு அறுந்தது. ஐந்து நாற்பதுக்கு மறுபடி. ஐந்து ஐம்பதுக்கு மறுபடி... ஒரு ஆபரேஷன் நோயாளியின் ரிப்போர்ட் பாதியில் நின்றது. ஆறு மணி தாண்டியது. மறுநாள் காலை வேலை கொடுத்தவர்கள் இரண்டே வரியில், இனி வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பிரிஸில்லா போனை எடுத்தாள். அவன் கம்பெனி மேனேஜரிடம் கொட்டித் தீர்த்தாள்.

"உங்க ஆள் ஒண்ணுமே சரி பண்ணலை. பொய் சொல்லி ஏமாத்திட்டான். வயசுப் பொண்ணு இருக்கற வீடுன்னு சாக்கு சொல்லிச் சொல்லி வந்துட்டுப் போறான்!"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே நாக்கு கூசியது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, வேறு வேலை தேடி மெயில் அனுப்பிக்கொண்டிருந்தபோது மறுபடி இணைப்பு அறுந்தது. மணி ஐந்தரை. தண்ணீர் குடிக்க எழுந்தவள், அப்பாவின் அறையில் ஏதோ சத்தம் கேட்டு, கதவைத் தள்ளினாள்.

துணி அலமாரி திறந்திருந்தது. அடித்தட்டில், எப்போதோ தூக்கிப் போட்டதாக அவள் நினைத்திருந்த பழைய கறுப்பு டெலிபோன். அலமாரியின் முதுகு வழியாக ஒரு வயர்... அப்பா தரையில் உட்கார்ந்து ரிசீவரைக் காதில் வைத்திருந்தார். அவர் எதுவும் பேசவில்லை. மறுமுனையில் ஒரு குரல், "ஹலோ... யாருங்க? ஹலோ..." என்றது.

அந்தக் குரலை எங்கே கேட்டாலும் பிரிஸில்லாவுக்குத் தெரியும். அக்கா ஃப்ளோரன்ஸ்.

மூன்று வருஷத்துக்கு முன், வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். "இனிமே அவ பேச்சு இந்த வீட்ல வரக் கூடாது" என்று கதவைச் சாத்தியவர் இதே அப்பாதான்.

அவர் ரிசீவரை வைத்தார். மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

"அஞ்சரைக்கு அவ மட்டும்தான் வீட்ல இருப்பா... குரலைக் கேட்டுட்டு வச்சிடுவேன். நீ கம்ப்யூட்டர்ல இருந்தா வெறும் இரைச்சல்தான் வரும். என்னாலதான் கட் ஆகுதுன்னு எனக்குத் தெரியலைம்மா. அந்தப் பையன்தான் கண்டுபிடிச்சான்."

"சாய்சரணா? எப்போ?"

"ரெண்டாவது நாளே. நான் அவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன், எம் பொண்ணுகிட்ட சொல்லிடாதேன்னு. சத்தியம் பண்ணினான். நீ நெட்ல இருக்கறப்ப எடுக்காதீங்க அங்கிள்னு மட்டும் சொன்னான். நாலு நாள் அடக்கிக்கிட்டேன். செவ்வாய்க்கிழமை ஃப்ளோரன்ஸுக்குப் பொறந்தநாள்... முடியலைம்மா."

பிரிஸில்லா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குப் பிடிக்காது என்றுதான் அவளும் அக்காவுடன் பேசாமல் இருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், மூன்று வருஷமாக ஒருவருக்கு ஒருவர் பயந்துகொண்டு...

அப்பாவிடம் நம்பரைக் கேட்டு, அவளே சுழற்றி ரிசீவரை அவரிடம் நீட்டினாள். "பேசுங்க டாடி. இன்னைக்காவது பேசுங்க."

அவர் பேசினார். பேசினார் என்பதைவிட அழுதார்...

அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. 'வயசுப் பொண்ணு இருக்கற வீடுன்னு...' தன் குரலே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. இதைச் சொன்னது நானா?

காலையில் தி.நகர் ஆபீஸ் படியேறினாள். முன்னால் உட்கார்ந்திருந்த காஷிஃப் என்ற ஊழியன், அவள் தன் பெயரைச் சொன்னதுமே முறைத்தான்.

"நீங்கதான் அந்த மேடமா? இன்னா, இன்னொரு கம்ப்ளெயிண்ட்டா? உங்க புண்ணியத்துல அவன வெளி வேலைலேர்ந்து தூக்கிட்டாங்கோ. உள்ள ஃபோன் எடுத்து காலைலேர்ந்து திட்டு வாங்கிக்கினு கீறான்."

சாய்சரண் வெளியே வந்தான். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சிடுச்சு... டாடி சொல்லிட்டார். என்னை மன்னிச்சிடுங்க."

"பரவாயில்லை மேடம். வேற எதாவது?"

அந்த 'வேற எதாவது' அவளை அறைந்தது.

"மேனேஜர்கிட்ட நான் பேசறேன்."

"வேண்டாம். அங்கிள் பேர் வெளிய வரும்."

"டாடி பேரை எதுக்குச் சொல்லணும்?" என்றவள், அவன் தடுப்பதற்குள் மேனேஜர் மேஜைக்கு எதிரே போய் நின்றாள். பத்துப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் குரல் உடைந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"தப்பு எங்க வீட்லதான் சார். எங்ககிட்ட இன்னொரு ஃபோன் இருந்தது. இவர் அன்னைக்கே கண்டுபிடிச்சு சொன்னார், நாங்கதான் கேக்கலை. இவரைப் பத்தி நான் சொன்னது அபாண்டம். அதுவும் கடைசியா சொன்னது... அதைச் சொன்னதுக்கு நான்தான் வெட்கப்படணும்."

காதுமடல் எரிய, யாரையும் பார்க்காமல் படியிறங்கினாள். வெளியே மழை. பனகல் பார்க் பஸ் ஸ்டாப் கூரையின் கீழ் ஒதுங்கியபோது, பின்னால் ஓடி வந்து நின்றான் சாய்சரண். மூச்சு வாங்கியது.

"எல்லாரையும் வச்சுக்கிட்டு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்."

"எல்லாரும் கேக்கற மாதிரிதானே உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்தேன்... மேனேஜர் கேட்டப்போ நீங்க ஏன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலை?"

அவன் மழையைப் பார்த்தான்.

"எப்படிச் சொல்றது? கடைசியா நீங்க சொன்னது அபாண்டம் இல்லைங்க. வெள்ளிக்கிழமை சாக்கு சொல்லித்தான் வந்தேன். உங்களைப் பாக்கணும் போல இருந்தது... அதான் வந்தேன். மேனேஜர் கேட்டதும் அவமானமாப் போச்சு. நிஜமாவே நான் அப்பேர்ப்பட்டவன்தானோன்னு தோணிடுச்சு."

பிரிஸில்லா அவன் பக்கம் திரும்பினாள்.

"இதைக்கூட சொல்லியிருக்க மாட்டேன்" என்றான். "அங்கிள் ஒரு தடவை பட்டவர். நானும் உங்க சர்ச்சுக்கு வர்றவன் இல்லை. மறந்துடுங்க."

பஸ் ஒன்று வந்து நின்று, போனது. அது அவள் பஸ்தான். அவள் ஏறவில்லை.

"கிளம்பறப்போ டாடி கேட்டார்... மன்னிப்பு கேக்க மட்டும்தான் போறியான்னு."

"என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னேன்."

அவன் திரும்பிப் பார்த்தான். இந்த முறை அவள் கண்களை எடுக்கவில்லை. வெட்கம் முகமெல்லாம் ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அவர் என்ன சொன்னார்?"

"பேப்பரை மடிச்சு வச்சார். அப்புறம்... 'ஞாயித்துக்கிழமை ஃப்ளோரன்ஸும் மாப்பிள்ளையும் சாப்பிட வர்றாங்க, அந்தப் பையனையும் வரச் சொல்லு'ன்னார்."