மொட்டையின் முதுகு

சாம்பல் நிறக் கோழியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லை. கூண்டின் தரையிலும் ஒரு இறகு கிடக்கவில்லை. முட்டைக்காரி குனிந்து மரத்தூளைக் கையால் துழாவினாள். எச்சத்தின் காரநெடிதான் மூக்கில் ஏறியது. பிடுங்கின இறகெல்லாம் எங்கே போய்த் தொலைந்தது? மற்ற ஆறு கோழிகளும் சுவரோரமாக நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்தன. ஒன்றும் தெரியாத சாதுக்களாம்! அவளுடைய ஏழு வயது மகள் குட்டி எட்டிப் பார்த்து, "ஐயோ, மொட்டை!" என்றாள். அதுவே பேராகி விட்டது.

"தின்னுடும்மா," என்றார் கால்நடை டாக்டர். "ஒண்ணு முதுகுல இன்னொண்ணு பிடுங்கித் தின்னும். ரத்தத்தப் பார்த்துட்டா அப்புறம் விடாது. சிவப்பு தெரியாம இந்த ஊதா மருந்தத் தடவுங்க. தீனியில மீன்தூள் சேருங்க. ஆறுற வரைக்கும் இதத் தனியா வச்சிடுங்க."

"எத? அடி வாங்கினதையா?"

"ஆமா. அதுதானே வழக்கம்."

அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. இதே பேச்சைத்தான் புருஷன் வீட்டில் ஆறு வருஷம் கேட்டாள். அவன் கோபம் தணிகிற வரைக்கும் நீ ஸ்டோர் ரூமில் இரு என்று மாமியார் கதவைச் சாத்துவாள். அடித்தவன் கூடத்தில் கால்மேல் கால் போட்டு டி.வி. பார்ப்பான். ஒரு நாள் அந்தக் கை குட்டியின் கன்னத்தில் விழுந்தது. மறுநாளே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து விட்டாள். பின்பக்க அறையும் ஏழு கோழிகளும்தான் இப்போது அவள் குடித்தனம். இனி குட்டியின் மேல் எவர் விரலும் படக் கூடாது. அதற்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சவ ராஜாத்தியா திரியணும், அடிபட்டவ மூலையில கிடக்கணுமா? நல்லா இருக்கு சார் உங்க வைத்தியம்!" மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து விட்டாள்.

அலகில் ரத்தம் ஒட்டியிருந்த கொண்டைக்காரியை அன்று மாலையே கறிக்கடைக்காரரிடம் தூக்கிக் கொடுத்தாள். விடிந்து பார்த்தால் மொட்டையின் ஊதாப்பூச்சுக்கு நடுவே புதுக் காயம். நேற்று வரை தன் நிழலுக்கே நடுங்கிய வெள்ளைக்கோழியின் அலகில் ரத்தம். அதையும் கொடுத்தாள். அடுத்து செவலை. அடுத்து புள்ளிக்காரி. ஒருத்தி போனால் இன்னொருத்தி.

"உனக்கென்ன கிறுக்கா?" என்றான் அண்ணன். "முட்டை போடுறதையெல்லாம் அனுப்பிட்டு எதை விக்கப் போற?"

"கொத்துறது எதுவா இருந்தாலும் என் கூண்டுல இருக்கக் கூடாதுண்ணே. அவ்வளவுதான்."

ஏழாம் நாள் மொட்டை மட்டும் மிஞ்சியது. அவள் காயம் முழுக்க ஊதா மருந்தைத் தடவி, மீன்தூளை உள்ளங்கையில் வைத்து ஊட்டி, "இனி நிம்மதியாத் தூங்குடி," என்று சொல்லிக் கூண்டைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

விடிந்தது. மொட்டையின் வாலடியில் புதுக் காயம். ஈரம் காயவில்லை. தரையில் ஒரு இறகு இல்லை.

பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி இடுப்பில்தான் இருந்தது. வலையில் விரல் நுழைகிற ஓட்டைகூட இல்லை. எலி வளையும் இல்லை. அப்படியென்றால் மனுஷக் கைதான். கோழி நாற்றம், கோழி நாற்றம் என்று அண்ணி மூக்கைப் பொத்திக்கொள்கிற கை! அவள் நேரே அடுப்படிக்குப் போனாள்.

"நீங்கதானே அண்ணி? மாத்துச் சாவி வச்சுத் திறந்து திறந்து பிடுங்குறீங்க! அந்த வாயில்லா ஜீவன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

அண்ணி திருப்பிக் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அண்ணியோ முட்டைக்காரியின் வாயையே பார்த்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"வாயத் துடைச்சுக்கோ," என்றாள். "ஊதாவா இருக்கு."

முட்டைக்காரி புறங்கையால் அழுந்தத் துடைத்தாள். கோபத்தில் கையைப் பார்க்கவில்லை.

அன்று பொழுது சாயும்போதே கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, உள்ளிருந்தபடி பூட்டிக்கொண்டாள். வருகிறவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். வெளிச்சம் வலைக்கண் வலைக்கண்ணாக வற்றியது. தகரக்கூரை சூடு தணிந்து டக் டக்கென்று நெட்டி முறித்தது. மரத்தூளின் புழுக்கத்தோடு மருந்து வாடையும், அதற்கு அடியில் இரும்பு போல ஒரு வாடையும் மெல்ல எழுந்து தொண்டைக்குள் இறங்கின. "வாடி," என்று கையை நீட்டினாள். மொட்டை வரவில்லை. கழுத்தை உள்ளிழுத்தது. இறக்கையை விரித்துத் தரையோடு தரையாகப் பதுங்கியது. பெரிய கோழி கொத்த வரும்போது சிறியது பதுங்குமே, அப்படி.

"என்கிட்ட எதுக்குடி பயம்?"

இருட்டியது. யாரும் வரவில்லை. கண் சொக்கியது. ஒரு நிமிடம். ஒரே நிமிடம்தான்.

வெயில் முகத்தில் அடித்தது.

மொட்டை அவள் மடியில் கிடந்தது. கழுத்திலிருந்து வால் வரை தோல் மட்டும். விறைத்து விட்டது. தரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தாடை வலித்தது. நாக்கின் மேல் ஏதோ பஞ்சு போல ஒட்டியிருந்தது. துப்பினாள். துப்பத் துப்ப வந்துகொண்டே இருந்தது.

"எவடி அது?" வெறும் கூண்டைப் பார்த்துக் கத்தினாள். "தைரியம் இருந்தா முன்னால வாடி!"

மொட்டையைச் சுவரோரம் புதைத்தாள். கூண்டைக் கழுவித் திறந்து போட்டாள். வெளியே அனுப்ப இனி ஒருத்தியும் இல்லை. ஆத்திரம் மட்டும் வயிற்றுக்குள் அப்படியே எரிந்தது. அதைக் கொட்ட ஆள் இல்லாமல் இரண்டு நாள் அறைக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். இரவில் குட்டியை இறுக அணைத்துக்கொண்டு படுத்தாள்.

மூன்றாம் நாள் காலை. பள்ளிக்கு நேரமாகி விட்டது. குட்டியை முன்னால் உட்கார வைத்து, பின்னலை அவிழ்த்து, சீப்பால் வகிடு எடுத்தாள்.

சீப்பு நின்றது.

பின்மண்டையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு முடி இல்லை. தோல் சிவந்து, புள்ளி புள்ளியாக ரத்தம். தலையணையைத் திருப்பிப் பார்த்தாள். பாயை உதறினாள். ஒரு முடி இல்லை.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"யாருடி இப்படிப் பண்ணினது? ஸ்கூல்லயா? அத்தையா? பேரச் சொல்லு, அவள நான் உயிரோட விட மாட்டேன்!"

குட்டி பாவாடை நுனியைத் திருகினாள்.

"சொல்லுன்னு சொல்றேன்ல!"

குட்டி ஒரே ஒரு தரம் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் விரித்துத் தரையில் ஊன்றி, பின்மண்டை தெரிய, தரையோடு தரையாகக் குனிந்தாள்.

"நான் அசைய மாட்டேம்மா," என்றாள். "சீக்கிரம் முடிச்சிடு."

முட்டைக்காரியின் வாயில் எச்சில் ஊறியது.